முப்பது நாளுக்குள்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் கட்டை, தம்பி. ஓர் அட்டையை நாலாக மடித்து அடியில் சொருகினால் ஆடாது. எங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒன்று உண்டு. அதை யாரும் சரிசெய்ய நான் விடவில்லை. புகார் கொடுக்க வருகிறவர்களுக்கு அதைத்தான் இழுத்துப் போடுவேன். ஆடுகிற நாற்காலியில் யாராலும் நெடுநேரம் கோபமாக உட்கார்ந்திருக்க முடியாது. விழாமல் உட்காருவதிலேயே பாதிக் கோபம் செலவாகிவிடும்.

தேநீரைக் குடியுங்கள், ஆறுகிறது. தையல்காரம்மா செத்த விஷயத்தில் விசாரணையெல்லாம் முடிஞ்சுபோச்சே, நீங்க எதுக்கும்மா இவ்வளவு தூரம் வந்தீங்க என்று ஸ்டேஷன் வாசலிலேயே கேட்டீர்கள். சொல்லத்தான் வந்தேன். கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் பிடிபடும். எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

நகராட்சியின் நுகர்வோர் பிரிவில் நான் முப்பத்தொரு வருஷம் இருந்திருக்கிறேன். அதிகாரிகள் வருவார்கள், போவார்கள். எல்லாருக்கும் நான் அக்காதான். கெட்ட சாமானைத் தலையில் கட்டிவிட்டான், தராசில் கை வைத்துவிட்டான், வாங்கும்போது பல்லெல்லாம் காட்டியவன் மறுவாரம் யாரென்றே தெரியாத மாதிரி நடந்துகொண்டான் என்று ஜனங்கள் படியேறி வருவார்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்வேன். கெட்ட பொருளை வாங்கி, புகார் எண் எழுதிய சீட்டை அதில் கட்டி, உள்ளே பொருள் அறையில் வைப்பேன். சாதாரணக் கோளாறுக்கு வெள்ளைச் சீட்டு. ஆளைக் கொல்லக்கூடியது என்று மின் பரிசோதகர் எழுதிவிட்டால் சிவப்புச் சீட்டு. சிவப்புச் சீட்டுப் பொருள்களை வருஷத்துக்கு ஒருமுறை அதிகாரி முன்னால் சுத்தியலால் உடைப்போம். அந்த அறையின் சாவி என் இடுப்பை விட்டு இறங்கியதில்லை.

வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. முப்பது நாளுக்குள் தீர்வு என்று பெயின்டில் எழுதியிருக்கும். அதன் கீழே கெடு தாண்டிய நிலுவை என்று போட்டு, எதிரே சாக்கட்டியால் எழுத ஓர் இடம். பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த இடத்தில் நான் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். வேறு ஊர்களிலிருந்து அதிகாரிகள் வந்து அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டு போவார்கள். எப்படிம்மா முடியுது என்று கேட்பார்கள். பொறுமைதான் என்பேன்.

அது பொய்யில்லை. காதுக் கருவி வாங்கி ஏமாந்த பெரியவர் ஒருத்தர் வந்தார். கடைக்காரன் மசியவில்லை. பெரியவரை வாரம் ஒருமுறை வரச்சொல்லி, ஒவ்வொரு முறையும் முன்னைவிடக் கொஞ்சம் மெல்லப் பேசினேன். நாலாவது முறை அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “கருவி மேல தப்பில்லம்மா, எனக்குக் காதே போயிடுச்சு போல” என்று சொல்லிவிட்டு, புகாரைத் திரும்பப் பெறுகிற தாளில் கையெழுத்துப் போட்டார். கதவு வரைக்கும் நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டேன்.

இன்னொருத்தி. புதுக் கட்டில் முறிந்து விழுந்து அவள் குழந்தைக்குக் கை ஒடிந்திருந்தது. கடையை எரிக்காமல் விடமாட்டேன் என்று ஆடிக்கொண்டு வந்தாள். நான் தண்ணீர் கொடுத்து, தலையைத் தடவி, ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “அந்த நேரத்துல நீ எங்கே இருந்தே, கண்ணு?” அவ்வளவுதான். மறுநாள் அவளே வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

உங்கள் முகம் சுருங்குகிறது. நினைத்துப் பாருங்கள், தம்பி. ஜனங்களை முதலில் கடைக்காரனிடமிருந்து காப்பாற்ற வேண்டும். அது முடியாவிட்டால் அவர்களுடைய கோபத்திடமிருந்தாவது காப்பாற்ற வேண்டும். நகராட்சி வேறென்ன செய்ய முடியும்? கோபத்தை மனசில் போட்டு வளர்த்தவர்கள் யாரும் உருப்பட்டதை நான் பார்த்ததில்லை. நான் அதை இறக்கி வைக்க உதவினேன். எல்லாரும் போகும்போது, நல்லா இருங்கக்கா என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

போன வருஷம் சலவைக்காரர் ஒருத்தர் வந்தார். கடைத்தெரு முனையில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறாரே, இப்போது நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்களே, அவரிடம் வாங்கிய நீலக் கைப்பிடி இஸ்திரிப் பெட்டி. நன்றாகச் சூடேறும். ஆனால் பெட்டியின் உடம்பிலேயே மின்சாரம் ஏறி நிற்கும். மனுஷனைத் தூக்கி அடித்துவிட்டது. காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் மூன்று விரலோடு போயிற்று. அந்தப் புகாரைப் பன்னிரண்டு நாளில் முடித்தேன். கடைக்காரர் புதுப் பெட்டி ஒன்று கொடுத்தார், இவர் இடது கையால் கையெழுத்துப் போட்டார். பழைய பெட்டிக்குப் பரிசோதகர் சிவப்புச் சீட்டு எழுதினார். அது மேல் தட்டில் சுத்தியலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் தையல்காரம்மா.

நாற்பது வயசிருக்கும். ஒல்லி. தங்கச்சியோடு ஓர் ஒற்றை அறை வீட்டில் இருந்தாள். தங்கச்சி பகலெல்லாம் பேக்கரியில் வேலைக்குப் போய்விடுவாள். இவளும் அதே கடையில் அதே நீலக் கைப்பிடிப் பெட்டியை வாங்கியிருந்தாள். இவளுடையதில் வேறு கோளாறு. சூடு ஓர் அளவில் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். பாட்டுப் போட்டிக்குப் போகிற ஒரு பெண்ணுக்காகப் பதினைந்து நாள் உட்கார்ந்து தைத்த வெள்ளை உடை, கடைசித் தேய்ப்பில் முதுகு நடுவே கருகிப்போயிற்று. அவள் கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். கடைக்காரர் அங்கே நின்றவர்களெல்லாம் கேட்கும்படி, “பெட்டியை வச்சுட்டு வாய் பார்த்துக்கிட்டு இருந்தா கருகாம என்ன பண்ணும்?” என்று சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு தெருவெல்லாம் சுற்றியது. கவனமில்லாதவளிடம் யார் துணி கொடுப்பார்கள்? ஒரு மாசத்தில் பாதிப் பேர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டு பேரையும் ஐந்தாம் நாள் உட்கார வைத்தேன். ஆடுகிற நாற்காலியில் அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினாள்.

கடைக்காரர் வாயெல்லாம் தேன் ஒழுக ஆரம்பித்தார். “ஏம்மா, புதுப் பெட்டி தர்றேங்கறேன். ஒண்ணுக்கு ரெண்டா எடுத்துக்கோ. இதுக்கு மேல என் தோலை உரிச்சுத் தரணுமா?”

“உங்க தோலு எனக்கெதுக்குங்க, அதுல ஒரு பட்டன்கூட நிக்காது. ஒரு வரி எழுதிக் கொடுங்க. வித்த பெட்டி கெட்டது, தையல்காரி மேல தப்பில்லன்னு.”

“எழுதிக் கொடுத்தா நாளைக்கு ஊரே வந்து என் கடை வாசல்ல நிக்கும்.”

“அப்போ பெட்டியெல்லாம் கெட்டதுன்னு உங்களுக்கே தெரியுது. எழுதத்தான் கை வரல.”

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரர் என்னைப் பார்த்தார். “அம்மா, நீங்க சொல்லுங்கம்மா, உலகத்துல யாராவது காகிதத்துக்கு அடம் பிடிப்பாங்களா?” என்றார்.

“நான் பிடிப்பேன். பெட்டியை வச்சுத் துணி தேய்க்கலாம். உங்க பேச்சை எதை வச்சு நான் தேய்க்கிறது?” என்றாள் அவள்.

அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வரி. எனக்கு வேண்டியது அவளுடைய ஒரு கையெழுத்து. கடைக்காரர் எழுதமாட்டார். பரிசோதகர் எழுதினால் அவள் ஒப்புக்கொள்வாள். ஆனால் பரிசோதகர் இரண்டு மாசத்துக்கு ஒருமுறைதான் வருவார். நாள்காட்டியில் எண்ணிப் பார்த்தேன். அவர் வருகிற தேதி அவளுடைய புகாருக்கு நாற்பத்தொன்றாம் நாள்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். ரசீது காணவில்லை, இன்னொன்று கொண்டுவா என்றேன். அவள் நகலெடுத்து வைத்திருந்தாள், மூன்று. மணிக்கணக்கில் வெளியே காக்க வைத்தேன். கையோடு கொண்டுவந்த துணியில் காஜா எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டில்காரியிடம் கேட்ட மாதிரி இவளிடமும் மெல்லக் கேட்டேன். “ஒரு நிமிஷம்கூட நீ கண்ணை எடுக்கலையாம்மா?” அவள் என் கண்ணையே பார்த்து, “எடுக்கலக்கா” என்றாள். முப்பத்தொரு வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு பதில் வந்ததில்லை.

இருபத்திரண்டாம் நாள் நேரில் பார்வையிடுவதாகச் சொல்லி அவள் வீட்டுக்குப் போனேன். விதியில் அதற்கு இடம் உண்டு. சிமென்ட் தரை. சன்னலோரம் தையல் இயந்திரம், அதையொட்டித் தேய்க்கிற பலகை. வெறுங்காலோடுதான் வேலை செய்வாளாம், ஊசி விழுந்தால் காலுக்குத் தெரியும் என்றாள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பழைய பெட்டியால் ஒரு கழுத்துப் பட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்திலிருந்து தண்ணீரை அள்ளி அள்ளித் துணியில் தெளித்தாள். காலடியில் தரை நனைந்து கிடந்தது. சூடு ஏறிவிட்டதா என்று பார்க்க, விரலைத் தண்ணீரில் நனைத்துப் பெட்டியின் அடித்தட்டை ஒரு தட்டுத் தட்டினாள். சுவரில் இருந்த பிளக்கில் இரண்டே துளை. எர்த் கம்பி என்கிற பேச்சே கிடையாது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். அவள் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். பிஸ்கட் டப்பாவில் இரண்டுதான் இருந்தது. இரண்டையும் என் தட்டில் வைத்தாள்.

அப்போது என் மனசில் ஒன்றும் இல்லை. குறித்துக்கொள்வது என் பழக்கம், அவ்வளவுதான்.

விதிப் புத்தகத்தில் ஒரு புகார் முடிவதற்கு மூன்று வழி சொல்லியிருக்கிறது. இரண்டு தரப்பும் சமாதானமாகிக் கையெழுத்துப் போடலாம். புகார் கொடுத்தவர் தானாகத் திரும்பப் பெறலாம். புகார் கொடுத்தவர் இறந்துபோனால், அது அவருடைய சொந்தக் குறை என்பதால், அன்றோடு முடிந்ததாகக் கொள்ளப்படும். மூன்றாவது வழி அதுவரைக்கும் இரண்டே முறைதான் வந்திருந்தது. இரண்டும் தானாக வந்தது.

இருபத்தாறாம் நாள் மத்தியானம் பொருள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். சலவைக்காரர் பெட்டியை மேல் தட்டிலிருந்து இறக்கினேன். தையல்காரம்மாவின் பெட்டியைப் பக்கத்தில் வைத்தேன். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஒரே ஒரு வித்தியாசம். அவள் தன் பெட்டியின் ஒயர் மடங்குகிற இடத்தில், அது இற்றுப்போகாமல் இருக்கப் பச்சை நூலை நெருக்கமாகச் சுற்றியிருந்தாள். அந்த நூலைப் பிரித்தேன். பிரிக்கும்போதே எண்ணினேன், இருபத்துமூன்று சுற்று. சலவைக்காரர் பெட்டியின் ஒயரில் அதே இடத்தில், அதே இறுக்கத்தில் இருபத்துமூன்று சுற்றுச் சுற்றி, அவள் போட்டிருந்த மாதிரியே முனையை உள்ளே சொருகினேன். என் கண்ணுக்கு அது சிரமம்தான், ஆனாலும் சரியாக வந்தது. வெள்ளைச் சீட்டை இதில் கட்டினேன். சிவப்புச் சீட்டை அவள் பெட்டியில் கட்டி மேல் தட்டில் வைத்தேன்.

இருபத்தெட்டாம் நாள் அவளைக் கூப்பிட்டேன். மேசையடியில் தடியான ரப்பர் விரிப்பு போட்டிருந்தேன். அதில் நின்றுகொண்டு, செருப்பையும் கழற்றாமல், பெட்டியைப் போட்டுக் காட்டினேன். ஒரு கைக்குட்டையைத் தேய்த்தேன். அழகாகத் தேய்ந்தது. அவள் விரலை நீட்டினாள். “சுடும், தொடாதே” என்றேன்.

“பரிசோதகர் வேற வேலையா இந்தப் பக்கம் வந்தாரும்மா. உன் பெட்டியைப் பார்த்துட்டார். சூட்டைக் கட்டுப்படுத்துற திருகு கம்பெனியிலேயே தளர்ந்து வந்திருக்காம். முறுக்கிக் கொடுத்துட்டார். நீ தைரியமா வேலையைப் பாரு.”

“எழுதிட்டாரா அக்கா?”

“எழுதிட்டார். தையல்காரி மேல தப்பில்லன்னே எழுதிட்டார். மேலிடத்துக் கையெழுத்து ஆகி ரெண்டு நாள்ல உன் கையில வந்துடும்.”

அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள், தம்பி. அந்த ஆடுகிற நாற்காலியில். முந்தானையோ கைக்குட்டையோ எதுவும் தேடாமல் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கிளம்பும்போது என் தோள்பட்டையைப் பார்த்து, “தையல் விட்டிருக்கே, இதோடவா நாள் முழுக்க இருக்கீங்க?” என்று சொல்லி, பையிலிருந்து ஊசியை எடுத்து, நான் நின்ற நிலையிலேயே தைத்துவிட்டாள். பல்லால் நூலைக் கடித்தபோது அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. பெட்டியைத் தூக்கிப் பார்த்தவள், “கொஞ்சம் கனமா இருக்கோ?” என்றாள். “ஒரு மாசமா இரவல் பெட்டியைத் தூக்கின கை, அப்படித்தான் இருக்கும்” என்றேன். ஒயரில் நூல் சுற்றியிருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

நல்ல வேலைக்காரி. மறுநாள் காலை வரைக்கும் பொறுக்கமாட்டாள் என்று எண்ணினேன். பொறுத்தாள். தங்கச்சி வேலைக்குப் போனபிறகு, காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியிருக்கிறாள். இருபத்தொன்பதாம் நாள்.

முப்பதாம் நாள் காலையில் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது தங்கச்சி படியேறி வந்தாள். அக்கா கொடுத்த புகாரை நான் நடத்துறேன் என்றாள். விதியை எடுத்து அவளுக்கு ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் கன்னம் பட்ட இடம் புதுத் தையல் போட்ட இடம்.

“ஈரக் கையோட பெட்டியைத் தொட்டா இப்படித்தான்னு எல்லாரும் பேசுறாங்கம்மா. கவனமா இருந்திருக்கக் கூடாதான்னு கேக்குறாங்க. எங்கக்கா அப்படிப்பட்டவ இல்லம்மா. இல்லதானே?”

நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். “கவனமா இருந்திருக்கலாம், கண்ணு” என்றேன்.

அதற்குப்பின் அவள் அழவில்லை. எழுந்து போய்விட்டாள். கோபம் இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

மீதியெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்கள் ஆட்கள் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். சலவைக்காரர் பெட்டியின் எண் உள்ளே பொறித்திருந்தது. கடைக்கு முத்திரை வைத்தீர்கள். நுகர்வோருக்கு அது நல்லதுதான், அந்த ஆளிடம் நானே எதுவும் வாங்கமாட்டேன். எங்கள் அதிகாரி ஓர் அறிக்கை எழுதினார். எழுதிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அக்கா, பயப்படாதீங்க, உங்களைக் காப்பாத்திட்டேன். வயசான ஊழியரோட கவனக்குறைவால சீட்டு மாறிப்போச்சுன்னு எழுதியிருக்கேன். மாசாமாசம் பென்ஷன் வந்துடும். வீட்டுல போய் ஓய்வா இருங்க.”

அலுவலகம் முழுக்க என்னைப் பாவமாகப் பார்த்தது. சாவியை வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தெருவில் போனால் காய்கறிக்காரி கூட, “பரவாயில்லம்மா, வயசானா எல்லாருக்கும் மறதி வர்றதுதானே” என்கிறாள். மறதியாம். முப்பத்தொரு வருஷத்தில் அந்த அறையிலிருந்து ஒரு குண்டூசி மாறிப்போனது உண்டா, யாரையாவது கேளுங்கள். மறதியில் யாராவது இருபத்துமூன்று சுற்று எண்ணி நூல் சுற்றுவார்களா? அவள் தன் கையால் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கவில்லையே, தம்பி. அவ்வளவு சுத்தமான வேலை.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்களே. எடுத்துக்கொள்ளுங்கள். அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் கவனக்குறைவு என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டு, தெரிந்தே செய்தாள் என்று எழுதுங்கள். பக்கத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன். அதன்பிறகு எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போங்கள், மறுபேச்சு பேசமாட்டேன்.

ஆனால் அந்தச் சொல் மட்டும் இருக்கக்கூடாது. செய்யாத தப்பை ஒருத்தி தலையில் கட்டுவது எவ்வளவு பெரிய பாவம் என்று உங்களுக்குத் தெரியாததா?